மூளைக்கட்டி என்று எப்படிக் கண்டறிகிறார்கள்? மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் வைத்தியர் அல்ல. ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் தங்கையின் பேத்திக்கு ஆறு வயதில் சிறுமூளையில் கட்டி இருப்பது தெரிந்த நாளிலிருந்து கண்டிக்கும் பேராதனைக்கும் மகரகமைக்கும் அலைந்து பழகிவிட்டேன். சிங்களம் தெரிந்த துணை வேண்டும் என்று இப்போது பல குடும்பங்கள் என்னை அழைத்துப் போகின்றன. பஸ்ஸிலும் கிளினிக் பெஞ்சிலும் அவர்கள் கேட்டவற்றை வைத்தியர்களிடம் கேட்டுத் தெளிந்து இங்கே எழுதியிருக்கிறேன்.

தலைவலி எல்லாருக்கும் வருகிறது. எந்தத் தலைவலிக்குப் பயப்பட வேண்டும்?

கொழுந்துக்கூடையின் கயிறு நாள் முழுவதும் தலையை அழுத்தினால் தலை வலிக்கத்தான் செய்யும். பனி, பட்டினி, தூக்கமின்மை, கண்பார்வைக் குறை, ஒற்றைத் தலைவலி என்று காரணங்கள் ஏராளம். நூறு தலைவலியை எடுத்தால் அதில் ஒன்றாவது கட்டியாக இருக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு வேறு எந்தக் குறியும் இல்லாமல் தலைவலி மட்டும் இருந்தால் அது கட்டியாக இருப்பது மிகவும் அரிது.

ஆனால் தலைவலியின் போக்கைக் கவனிக்க வேண்டும். முன்பு இல்லாத வலி புதிதாக வந்து வாரத்துக்கு வாரம் கூடுகிறதா? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? இருமினால், குனிந்தால் மண்டை பிளக்கிறதா? கூடவே வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், கைகால் பலவீனம் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

பிள்ளை காலையில் வாந்தி எடுக்கிறது. பிறகு நன்றாக விளையாடுகிறது. இதற்கும் ஸ்கேனா?

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. மூளையைச் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடுகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீட்டர் சுரந்து, பழையது வடிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளுக்குக் கட்டி பெரும்பாலும் தலையின் பின்பகுதியில், சிறுமூளையை ஒட்டி வருகிறது. அந்த நீர் வெளியேறும் குறுகிய வழியும் அங்கேதான் இருக்கிறது. பீலித் தொட்டியின் போக்கில் சருகு அடைத்தால் என்ன ஆகும்? தொட்டி நிரம்பும். தலைக்குள் நிரம்ப இடம் இல்லாததால் அழுத்தம் கூடுகிறது. இரவு முழுவதும் படுத்துக் கிடக்கும்போது அது இன்னும் ஏறுவதால், விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும் வருகின்றன. எழுந்து சற்று நேரம் நடமாடியதும் குறைகிறது. அதனால்தான் பிள்ளை ஒன்பது மணிக்கு ரொட்டி கேட்டுச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறது. அம்மாவும் பயம் தெளிந்து மலைக்குப் போய்விடுகிறாள்.

எங்கள் பிள்ளைக்கு முதலில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு அல்சர் என்றார்கள். ஓர் இடத்தில், பாடசாலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாள் என்றும் சொன்னார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய எழுத்து கோட்டைவிட்டு இறங்கத் தொடங்கியபோது, ‘சோம்பேறி’ என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதியவள் நான்தான். அது கை தடுமாற்றம்.

இங்கிலாந்தில் 2011இல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கி, இத்தகைய அறிகுறிகளைப் பெற்றோருக்கும் வைத்தியர்களுக்கும் ஓர் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். முதல் அறிகுறிக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் இடைப்பட்ட காலம் அங்கே ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. புது இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அவர்கள் சொல்லும் கணக்கு எளியது: விழித்தெழும்போது வரும் வாந்தி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது தலைவலி நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மூளையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நடை தள்ளாடுதல், தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருத்தல், புதிதாக மாறுகண், வளர்ச்சி நின்றுபோதல், ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழித்தல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியாகச் சொன்னதைச் சீனி வருத்தம் என்று நினைத்துச் சோதித்து, சீனி சரியாக இருந்தால் அத்துடன் விட்டுவிடுவது வழக்கம். மூளையின் அடிப்பகுதியில் வரும் ஜெர்மினோமா, கிரேனியோஃபாரிஞ்சியோமா போன்ற அபூர்வக் கட்டிகள் சில சமயம் அப்படித்தான் தலைகாட்டுகின்றன.

கைக்குழந்தைக்கு எப்படித் தெரியும்? அது சொல்லாதே.

தலை சொல்லும். மண்டையோட்டின் பொருத்துகள் இன்னும் இறுகாத வயதில் உள்ளே அழுத்தம் கூடினால் தலை பெரிதாகிறது, உச்சிக்குழி புடைக்கிறது, கண்கள் கீழ்நோக்கியே நிற்கின்றன. மருத்துவ மாது தலையின் சுற்றளவை அளக்கும்போது போன மாத அளவையும் கேளுங்கள். ஓர் அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கோடு திடீரென மேலே பாய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு அறிகுறிகள் வேறா?

வேறுதான். பெரியவர்களுக்குக் கட்டி பெரும்பாலும் மூளையின் மேல்பகுதியில் வருகிறது. வாழ்நாளில் வலிப்பே வராத ஒருவருக்கு நாற்பது வயதில் முதல் வலிப்பு வந்தால், அதற்குக் காரணம் தேடாமல் விடக் கூடாது. வலிப்பு என்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது மட்டும் என்று நினைக்கிறோம். ஒரு பக்க வாய் மட்டும் துடிப்பது, இல்லாத வாசனை ஒன்று சில நொடிகள் வந்து போவது, பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வது, இவையும் வலிப்பாக இருக்கலாம்.

இன்னொன்று குணமாற்றம். சாந்தமான மனிதர் சில மாதங்களில் எரிந்து விழுகிறார், கணக்கு மறக்கிறார், குளிக்க மறுக்கிறார். லயத்தில் உடனே ‘காத்து கறுப்பு’ என்பார்கள், கோடாங்கியை அழைப்பார்கள். அழைக்கட்டும்; நூல் கட்டட்டும். அதே கிழமையில் வைத்தியரிடமும் போகட்டும். முன்மூளையில் மெல்ல வளரும் கட்டி, வலியே இல்லாமல் ஆளை மாற்றிவிடும். குடிப்பவராக இருந்தால் இன்னும் கஷ்டம், எல்லாப் பழியும் சாராயத்தின் மேல் விழுந்துவிடும்.

‘அபூர்வக் கட்டி’ என்கிறார்கள். அபூர்வம் என்றால் குணமாகாது என்று பொருளா?

இல்லை. அந்தச் சொல் எண்ணிக்கையைத்தான் குறிக்கிறது. ஐரோப்பாவில் வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை அபூர்வம் என்கிறார்கள். மூளைக்கட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், தனித்தனியாகப் பிரித்தால் பெரும்பாலானவை அபூர்வமே. அவற்றுள் ஜெர்மினோமாவைப் போல் சிகிச்சைக்கு நன்றாக இணங்குவதும் உண்டு. மூளைத்தண்டில் பரவும் கிளையோமாவைப் போல், பிள்ளையை ஒரு வருடம் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருப்பதும் உண்டு. ஆகவே பெயர் தெரியும்வரை யாரும் எதையும் கணிக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லும் கதை உங்கள் பிள்ளையின் கதை அல்ல.

தோட்ட வைத்தியசாலையில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரிய வைத்தியசாலைக்கு எப்படிப் போவது?

தோட்ட மருந்தகமோ பிரதேச வைத்தியசாலையோ உங்களுக்கு ஸ்கேன் எடுத்துத் தராது. டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை போன்ற இடங்களில் நிபுணர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து, நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பிள்ளையென்றால் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் வழியில் வரலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வரை போக நேரலாம். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒரு பயணமும் வீணாகக் கூடாது என்று சொல்கிறேன்.

வைத்தியருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடம் கிடைக்கலாம். ‘கொஞ்ச நாளாக வாந்தி’ என்றால் அது வயிற்றுக் கோளாறாகத்தான் அவர் காதில் விழும். வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு தாய் எழுதிக் கொண்டுவந்த பக்கம் இது:

ஞாயிறு. காலை 5 மணி. வாந்தி 1 தரம். தலைவலி. 8 மணிக்குச் சாப்பிட்டான்.
செவ்வாய். காலை வாந்தி 2 தரம். பள்ளிக்கூடம் இல்லை.
வியாழன். பீலிப் படியில் விழுந்தான். வழுக்கவில்லை.
சனி. தலையைச் சாய்த்தே டிவி பார்த்தான்.

‘வழுக்கவில்லை’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். வைத்தியர் பக்கத்தை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பிள்ளையை ஒரு நேர்க்கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார். அன்று மாலையே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். செல்பேசி இருந்தால் பிள்ளை நடப்பதையும், வலிப்பு வரும்போது கைகால் போகும் விதத்தையும் வீடியோ எடுத்து வையுங்கள். வலிப்பு வைத்தியர் முன்னால் வந்து காட்டிவிட்டுப் போகாது.

மொழி இன்னொரு மலை. தமிழ் ஆட்சிமொழிதான், சட்டத்தில் இருக்கிறது; வாட்டில் எப்போதும் இருப்பதில்லை. துணைக்கு ஆள் இல்லையென்றால் ஒரே ஒரு வரியையாவது பழகிக்கொண்டு போங்கள்: ‘உதே நெகிட்டாம வமனே யனவா.’ காலையில் எழுந்ததும் வாந்தி போகிறது என்று பொருள். வமனே என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். உதே நெகிட்டாம என்பதுதான் முக்கியம்.

கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து எதைப் பார்க்கிறார்கள்?

கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு நுழையும் இடத்தை. தலைக்குள் அழுத்தம் கூடினால் அது வீங்கித் தெரியும். ஒரு சிறு கருவி போதும், இரண்டு நிமிட வேலை. வீக்கம் இருந்தால் அவசரம். வீக்கம் இல்லையென்பதால் கட்டி இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

சி.டி. எடுத்தாயிற்று. பிறகு ஏன் எம்.ஆர்.ஐ.யும்?

சி.டி. சில நிமிடங்களில் முடியும். இரத்தக்கசிவு, நீர் தேக்கம், பெரிய கட்டி, சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றை நன்றாகக் காட்டும். அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் தலையின் பின்பகுதியிலும் மூளைத்தண்டிலும் இருக்கும் சிறிய கட்டி அதில் தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுக்கும் படம், கதிர்வீச்சு கிடையாது. கட்டி எங்கே தொடங்குகிறது, எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஊசி வழியாகப் போட்ட மருந்தை உறிஞ்சி மின்னுகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். சத்திரசிகிச்சை நிபுணருக்கு அது வரைபடம்.

அரை மணிக்கும் மேல் அசையாமல் படுக்க வேண்டும். உள்ளே தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். சிறு பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்தே எடுப்பார்கள். அதற்காக எத்தனை மணிக்குப் பிறகு சாப்பாடும் பாலும் தரக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். விடியற்காலை பஸ்ஸில் பிள்ளை பசியால் அழ, யாரோ இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுக்க, அன்றைய ஸ்கேன் ரத்தாகிப் பல வாரம் தள்ளிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஒரு பெண் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர்தான் கெஞ்சினார். வெறும் மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கட்டிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார், தாதியும் சரியென்றார். போகும் முதல்நாளே கயிறும் மஞ்சளும் பையில் வைத்தால் அந்த அரை மணிநேர அழுகை மிச்சம். உடலுக்குள் தகடு, கிளிப், பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது விளையாட்டல்ல.

ஸ்கேனில்தான் தெரிந்துவிட்டதே. பிறகு ஏன் தலையைத் திறந்து துண்டு எடுக்க வேண்டும்?

படத்தில் தெரிவது நிழல். இன்னார் என்று அது பெயர் சொல்லாது. நம் நாட்டில் காசநோய் மூளையிலும் முடிச்சாக வரும், ஸ்கேனில் கட்டியைப் போலவே இருக்கும், மாத்திரையால் குணமாகும். சீழ்க்கட்டியும் வளையம்போல் மின்னி ஏமாற்றும். இவற்றைக் கட்டி என்று நினைத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் என்ன கதி? இதற்காகத்தான் முடிந்தால் கட்டியை எடுக்கிறார்கள், முடியாவிட்டால் ஊசியால் ஒரு சிறு துண்டையாவது எடுக்கிறார்கள். எடுக்கும் சத்திரசிகிச்சையே பல வகைகளில் சிகிச்சையும் ஆகிவிடுகிறது.

மூளையில் வரும் லிம்போமா என்ற அபூர்வ வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீக்கம் வற்றக் கொடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்தில் அது தற்காலிகமாகக் கரைந்துபோகும். துண்டு எடுக்கும்போது ஒன்றும் இருக்காது, சில மாதம் கழித்துத் திரும்ப வரும். ஆகவே வேறு இடத்தில் ஏற்கெனவே ஸ்டீரொய்ட் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

துண்டு எடுக்காமலே முடிவுசெய்யும் சந்தர்ப்பங்களும் உண்டு. சில ஜெர்ம் செல் கட்டிகள் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற பொருள்களை இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் விடுகின்றன. அந்த அளவே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மூளைத்தண்டு கிளையோமாவை நெடுங்காலம் எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்தே சொன்னார்கள். இப்போது பல நாடுகளில் அதிலும் துண்டு எடுக்கிறார்கள்.

துண்டு எடுத்துப் பல நாளாகியும் அறிக்கை வரவில்லை. மறந்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. எடுத்த துண்டைப் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். சாயம் ஒன்றோடு முடியாது. சந்தேகம் வந்தால் அடுத்தடுத்த சாயங்கள் தேவைப்படும். அபூர்வ வகையென்றால், அதிகம் பார்த்துப் பழகிய இன்னொரு நிபுணரின் கண்ணுக்கும் அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் கோபப்படாதீர்கள். நான் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, பல கட்டிகளுக்கு நுணுக்குக்காட்டித் தோற்றம் மட்டும் போதாது, மரபணு மாற்றமும் தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு வரும் ஒரு கட்டியை ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வகை என்று சொல்ல ஐ.டி.எச். மரபணு மாறியிருக்க வேண்டும். 1ஆம், 19ஆம் குரோமோசோம்களின் குறிப்பிட்ட கைகள் இரண்டும் இல்லாமல் போயிருக்கவும் வேண்டும். பிள்ளைகளின் சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா என்ற கட்டியில் மட்டும் நான்கு பெரிய குழுக்கள் உண்டு. அவற்றில் டபிள்யூ.என்.டி. என்ற குழுவின் பிள்ளைகள் மிக நன்றாகத் தேறுகிறார்கள், வேறொரு குழுவில் போராட்டம் கூடுதல். இந்தச் சோதனைகள் எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. அறிக்கையில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். மெழுகுக் கட்டி அங்கே பத்திரமாக இருக்கும், பின்னர் மேலும் சோதிக்க வேண்டுமானால் அந்த இலக்கத்தைக் கொண்டுதான் தேடி எடுப்பார்கள்.

தலையில்தானே கட்டி, முதுகை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்?

மெடுலோபிளாஸ்டோமா போன்றவை மூளையைச் சுற்றி ஓடும் அந்த நீரோட்டத்தோடு முதுகுத்தண்டுக்கு இறங்கக்கூடும். இறங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். முதுகு நீரை ஊசியால் எடுப்பதும் இதற்குத்தான். தலைக்குள் அழுத்தம் இருக்கும்போது அந்த ஊசி ஆபத்தானது, அதனால் நேரம் பார்த்தே போடுவார்கள்.

செல்பேசிக் கோபுரமா, மலைக்கு அடிக்கும் மருந்தா, பரம்பரையா? எதனால் வந்தது?

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரியாது. உறுதியாகத் தெரிந்தவை இரண்டு: முன்பு எப்போதாவது தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சை, சில அரிய பரம்பரை நிலைகள். பிள்ளையின் தோலில் பால்கலந்த கோப்பி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ புள்ளிகள் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், அது நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நிலையாக இருக்கலாம். அதில் பார்வை நரம்பில் கட்டி வரக்கூடும். கோபுரத்தின் மேல் பழி போட ஆதாரம் இல்லை. தாய் கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா என்று மாமியார் கிளறுவதற்கும் இடமில்லை.

கிளினிக் திகதிக்காகக் காத்திருக்கும்போது எதற்கு உடனே ஓட வேண்டும்?

எழுப்பினால் எழும்பாத தூக்கம், நிற்காத வாந்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, திடீரென மங்கும் பார்வை, உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்துபோதல். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வாகனம் லயம் வரை ஏறாது என்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இப்படி வரும் பிள்ளைக்கு அன்றிரவே ஒரு சத்திரசிகிச்சை நடக்கலாம். பல வேளைகளில் அது கட்டியை எடுக்க அல்ல, தேங்கிய நீருக்கு வழி வெட்ட.

பிள்ளையிடம் சொல்லலாமா?

சொல்லாவிட்டாலும் அதற்குத் தெரியும். அம்மா முகம் கழுவிவிட்டு வருவதும், பெரியப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பதும் போதாதா? வயதுக்கு ஏற்ற சொல்லில் சொல்லுங்கள்: தலைக்குள் வேண்டாத ஒன்று வளர்ந்திருக்கிறது, அதனால்தான் வாந்தி, வைத்தியர் எடுக்கப் போகிறார், நீ செய்த குறும்பினால் வந்தது அல்ல. கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

கொப்பித் தாயின் மகன் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். தலையைத் திறந்தால் ஏழாம் வாய்ப்பாடு கொட்டிப்போகுமா என்று. நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் வைத்தியர் சிரிக்கவில்லை. இப்போது சொல், முடிந்தபின் திரும்பச் சொல், ஒத்துப் பார்ப்போம் என்றார். ஒரு வாரம் கழித்து, தலையில் கட்டோடு கட்டிலில் சாய்ந்து, மெதுவாக முழுவதையும் சொன்னான். ஏழெட்டில் மட்டும் தடுக்கினான். வைத்தியர் கவலையோடு தாயைப் பார்த்தார்.

“அது அவனுக்கு முதலே தெரியாது, ஐயா” என்றாள் அவள்.